கப்பலேறிய அழுகுணி ஆட்டம்

கேரம் ஆடும்போது சிவப்புக்காய் காணாமல் போனால் எங்கள் வீட்டில் யாரும் பலகைக்கு அடியில் குனிந்து தேட மாட்டோம். என் நாத்தனாரின் மடியைத்தான் பார்ப்போம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் மடிப்புக்குள் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எடுத்துக் காட்டினால், அது எப்படி அங்கே வந்தது என்று எங்களைவிட அவர்தான் அதிகம் ஆச்சரியப்படுவார்.

என் கணவருக்கு அவர் ஒரே அக்கா. எனக்கு அண்ணி. என் மகள் வர்ஷாவுக்கு அத்தை. கர்நாடக அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, அல்சூரில் நாங்கள் இருக்கும் அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், தடித்த கண்ணாடி. பார்க்கிறவர்களுக்கு, குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் என்றுதான் தோன்றும். அந்த முகத்தை நம்பித்தான் எல்லோரும் தோற்றார்கள்.

நான் வேலூர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து தாயம் ஆடினோம். அண்ணி ஒரு கட்டம் நகர வேண்டிய காயை மூன்று கட்டம் நகர்த்தியதை நான் பார்த்துவிட்டேன். புது மருமகள், வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பார்த்துட்டு சும்மா இருந்தே இல்ல? நல்ல பொண்ணு. இனிமே நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி" என்று சொல்லி என் கையில் ஒரு பெரிய மைசூர்பாகுத் துண்டை வைத்தார். அடுத்த ஆட்டத்திலேயே கட்சிக்காரி என்றும் பாராமல் என் காயை வெட்டினார்.

ஏமாற்றுவதற்கு முன்னால் அவர் ஊர்வம்பு கேட்பார். "ஆமா, கீழ் வீட்டுப் பையனுக்கு எங்கயோ பொண்ணு பார்த்திருக்காங்களாமே?" என்று ஆரம்பித்தால், எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கை தன் வேலையைச் செய்துவிடும். என் கணவர் சின்ன வயதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். அக்கா வம்பு பேச ஆரம்பித்தால் கையைப் பார் என்பதுதான் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் குடும்ப ரகசியம்.

மாட்டிக்கொண்டால் அண்ணி கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அதுவரை அழகான தமிழில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று, "நானேனு மாடிதே?" என்று மாறும். நான் என்ன செய்தேன் என்று அர்த்தம். தமிழில் செய்த குற்றத்துக்குக் கன்னடத்தில் விசாரணை நடக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பணம் வைத்து மட்டும் ஆடவே மாட்டார். காசு வைத்தால் அது சூதாட்டம், அசிங்கம் என்பார். எங்கள் கட்டடத்தில் பொங்கல் விழாவுக்கு நாற்காலிப் போட்டி வைத்தபோது, பாட்டு நிற்பதற்கு முன்பே முட்டிவலி என்று சொல்லி உட்கார்ந்தவர், பாட்டு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் செயலாளரே வந்து, பரிசாக வைத்திருந்த டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து எழுப்பினார்.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதுவும் வர்ஷா இருந்த அந்த நிலைமையில்.

வர்ஷாவுக்கு அப்போது பதினைந்து வயது. இரண்டாம் வகுப்பிலிருந்து இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து பயிற்சிக்குப் போவாள். என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வண்டியோட்டுவார். அந்த வருடம் மாநில அணிக்கு ஆள் எடுப்பதற்காக ஒரு போட்டி நடந்தது. ஆரம்பச் சுற்றுகளில் கோட்டைப் பார்க்கத் தனியாக ஆள் கிடையாது. அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரே ஆடிய பெண், கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்துகளை எல்லாம் வெளியே என்று சொன்னாள். ஒன்றிரண்டு இல்லை, முக்கியமான நேரத்தில் எல்லாம் சொன்னாள். மேலே பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது. வர்ஷா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானாள். தோற்றாள். கை கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டு, இனிமேல் எந்த விளையாட்டும் வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சே குறைந்துபோனது. எதைக் கேட்டாலும் "ஓகேம்மா", "பரவால்லம்மா". சாப்பாடு எப்படி இருக்கிறது? பரவால்ல. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும்? எதுவும் ஓகே. கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு படுத்துக் கிடப்பாள். என் கணவர் ஒருநாள் சாயங்காலம் வந்து, சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் இடம் போட்டுவிட்டேன் என்றார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கப்பலைப் படத்தில் தவிரப் பார்த்ததில்லை. நீர்ச்சறுக்கு, மலையேற்றச் சுவர், மாயாஜாலம், நடனம் என்று எந்த நேரத்துக்கு எது என்பதை அலுவலகத்தில் போடுகிற மாதிரி அட்டவணை போட்டுவைத்திருந்தார். நான்கு பேருக்கு இடம். அக்காவையும் சேர்த்துத்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் மாடியேறிப் போய் அண்ணியிடம் கெஞ்சினேன். வர்ஷா ஏமாற்றப்பட்டுத்தான் தோற்றாள், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, இந்தப் பயணத்தில் மட்டுமாவது நேர்மையாக ஆடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு அவுட்டுன்னு சொன்னப்ப வர்ஷா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை அண்ணி."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லலை."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, சரி, ஏமாற்றவில்லை என்று சாமி படத்தின் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். நான் நிம்மதியாகக் கீழே இறங்கினேன். அவர் கை காட்டிய திசையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டரும் மாட்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் மேல்தளத்தில் எல்லோரும் கூச்சலிட்டார்கள். குழந்தைகள் ஓடின. பாட்டு அதிர்ந்தது. வர்ஷா ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரை மறைந்தபோது தொடர்பும் போனது. கப்பலில் இணையத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வேண்டவே வேண்டாம், குடும்பத்தோடு இருப்போம் என்று என் கணவர் முடிவு செய்திருந்தார். அவள் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள். கடலும் அவளுக்குப் பரவாயில்லாமல்தான் இருந்தது.

அட்டவணை முதல் நாளே கவிழ்ந்தது. நீர்ச்சறுக்குக்குக் கூப்பிட்டால் தலை நனைந்துவிடும் என்றாள். சுவர் ஏறப் போகலாம் என்றால் வரிசை பெரிது என்றாள். மாயாஜால நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனோம். மேடையில் புறா வந்ததும் அரங்கமே கைதட்டியது. "அது அவர் கோட்டுப் பைக்குள்ளயே இருந்துச்சுப்பா" என்றாள் வர்ஷா. என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற மனிதரால் ஒரு பெண் குழந்தையைச் சிரிக்கவைக்க முடியவில்லை.

மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். வர்ஷாவையும் கேட்டார். தான் எதுவும் ஆடுவதில்லை என்று அவள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். அண்ணி வற்புறுத்தவே இல்லை. எங்கள் இருவரோடும் ரம்மி ஆட ஆரம்பித்தார்.

முதல் ஆட்டம் யோக்கியமாகப் போனது. எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவர் நிமிர்ந்து, "ஏம்மா, நம்ம வாட்ச்மேன் வேலையை விட்டுட்டு ஊருக்கே போறானாமே?" என்றார். மேஜைக்கு அடியில் அவர் காலை லேசாக மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார். ரம்மி சேர்ந்துவிட்டது என்று சீட்டுகளை விரித்தார்.

மூன்றாவது ஆட்டத்திலும் அவரே ஜெயித்தார். நான் ஓரக்கண்ணால் வர்ஷாவைப் பார்த்தேன். புத்தகம் திறந்திருந்தது. பக்கம் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்காவது ஆட்டத்தில் அண்ணி வம்பைத் தொடங்கி, அது என்ன வம்பு என்பது முடிவதற்குள், புத்தகத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத்தை, அந்த ஜோக்கர் உங்க முந்தானையில இருக்கு."

"நானேனு மாடிதே?"

"கன்னடம் எல்லாம் வேணாம். எடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், பல மாதத்தில் அவள் ஒருவரை எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அண்ணி ஜோக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. வர்ஷா புத்தகத்தை மூடிவிட்டு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டு உட்கார்ந்தாள், காவல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் காவல் போதவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இடது கை மறைகிறது என்று என் கணவரை இடத்தைவிட்டு எழுப்பிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்தால் சீட்டு பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது இருவருமே வரவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய கூடத்தில் தம்போலா நடந்தது. ஒரு இளைஞர் ஒலிபெருக்கியில் எண்களைச் சொல்ல, அவரவர் சீட்டில் அடித்துக்கொண்டு வர வேண்டும். வர்ஷா அத்தைக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, எழுபத்தாறு அடித்தீர்களே, அது எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணி அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். அவள் திரும்பி வருவதற்குள் எழுந்து நின்று, மேல் வரிசை முடிந்தது என்று கையைத் தூக்கிவிட்டார்.

அந்த இளைஞர் கீழே இறங்கி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக, இதில் ஒரு எண் இன்னும் வரவில்லையே மேடம் என்றார். கூடம் முழுவதும் எங்களைப் பார்த்தது. அண்ணி கலங்கவே இல்லை. பழக்கப்படி கன்னடத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார், காது சரியாகக் கேட்பதில்லை, வயதாகிவிட்டது என்று.

இளைஞரின் முகம் மலர்ந்தது. அவருக்குச் சொந்த ஊர் உடுப்பிப் பக்கம். ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டே, "அம்மா, ஈ நம்பர் நானு ஹேளே இல்லம்மா" என்றார். இந்த எண்ணை நான் சொல்லவே இல்லை அம்மா என்று.

அண்ணி வாயடைத்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அவருக்குப் போவதற்கு வேறு மொழி இல்லை. என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் டம்ளர்களோடு வந்து நின்ற வர்ஷா சிரித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் தளும்பி அவள் உடையெல்லாம் நனைந்தது. நிறுத்த முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் எழுந்து சுவர்ப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இலங்கையில் இறங்கி ஒரு கோயிலும் கடற்கரையும் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கப்பல் மெல்ல ஆடியது. எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அண்ணிக்குத் தலை சுற்றி, படுத்துவிட்டார். அவரும் வர்ஷாவும் ஒரே அறை. நான் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வர்ஷாவைத் துணைக்கு வைத்துவிட்டு எங்கள் அறைக்கு வந்து கண்ணை மூடினேன். சற்று நேரத்தில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. வர்ஷா, முகம் வெளுத்து நின்றாள்.

"அம்மா, அத்தை சீட்டிங்கே பண்ண மாட்டேங்கறாங்க. டாக்டரைக் கூப்பிடலாம்மா."

படுத்தபடியே ஆடலாம் என்று சீட்டுப் போட்டாளாம். அத்தை தொடர்ந்து தோற்றாராம். ஜோக்கரை அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இவள் வைத்துப் பார்த்தாளாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கப்பல் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வெறும் கடல் மயக்கம்தான் என்று ஒரு மாத்திரை கொடுத்து, வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வர்ஷா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். இந்தப் பெண் யாருக்காவது ஊட்டுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. தேநீர் நேரத்தில் அவள் மறுபடி ஓடி வந்தாள். கீழே போட்ட சீட்டை அத்தை திருப்பி எடுத்துக்கொண்டார் என்று சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசி நாள் மத்தியானம். மேல்தளத்தில் காற்று அடிக்காத ஒரு மூலையில் மேஜைப் பந்தாட்டம் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தினமும் கிளப்பில் ஆடுகிறவர், அங்கே வந்தவர்களை எல்லாம் வரிசையாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். அண்ணி நேராகப் போய், என் மருமகள் உங்களோடு ஆடுவாள் என்றார். தான் எண் பலகையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். மாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "இது வேற கேம்தானே" என்று எங்களுக்கா தனக்கா என்று தெரியாத குரலில் சொல்லிவிட்டு வர்ஷா மட்டையை எடுத்தாள்.

இறகுப்பந்துக் கை. ஆரம்பத்தில் பந்தெல்லாம் பறந்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். பெரியவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. அவள் தலைமுடியை உயரே தூக்கிக் கட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்து என் கணவர் என் கையைப் பிடித்தார். ஆடுகளத்தில் அவள் அப்படித்தான் கட்டுவாள்.

ஆட்டம் முடிகிற கட்டத்தில் வர்ஷா அடித்த பந்து மேஜையின் விளிம்பை உரசிக்கொண்டு கீழே போனது. படவில்லை, வெளியே என்றார் பெரியவர். அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. உண்மையாகவே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வர்ஷா தலையைக் குனிந்தாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். மேலேயிருந்து பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நாள் அப்படியே என் கண்முன்னால் வந்து நின்றது. அவள் பந்தை எடுக்கப் போனாள். பாதியில் நின்றாள். திரும்பினாள்.

"பட்டுச்சு அங்கிள்."

பெரியவர் சிரித்துக்கொண்டே, "நம்ம அம்மாகிட்டயே கேட்டுருவோமுங்க. நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று அண்ணியின் பக்கம் திரும்பினார்.

அண்ணி ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். வாழ்நாள் முழுவதும் அதற்காகவே பயிற்சி எடுத்தவர். நான் அவரையே பார்த்தேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, தான் பார்க்கவில்லை என்றார். அது உண்மை. அந்த நேரத்தில் அவர் கண்ணும் கையும் எண் பலகையில் இருந்தன.

"நான் பார்த்தேன்" என்றாள் வர்ஷா. குரல் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கண்டிப்பா பட்டுச்சு. அந்தப் பாயிண்ட் என்னோடது. ஆனா ஸ்கோர் தப்பு அங்கிள். உங்களுக்கு இன்னும் ரெண்டு வரணும். அத்தை குறைச்சுட்டாங்க."

பெரியவர் பலகையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், வர்ஷாவைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். பந்து பட்டதுதான் என்று ஒப்புக்கொண்டு, தனக்கு வர வேண்டிய இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஆட்டத்தையும் ஜெயித்தார். வர்ஷா கை கொடுத்தாள். மூச்சு வாங்க எங்களிடம் ஓடி வந்து, பசிக்கிறது என்றாள். இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை, உப்புக் கம்மி என்றாள். அண்ணி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொந்த அத்தையை ஊர்க்காரன் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று இறங்கும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வரும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. வர்ஷா கழிவறைப் பக்கம் போயிருந்த நேரத்தில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் அவளுக்காகத்தானே வேண்டுமென்றே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். "வேணும்னு மாட்டிக்கிட்டேனா? உனக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஆடறேன். உன் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு, அதான். நான் விட்டுக்குடுத்தேன்னு வெளியே சொல்லிடாதே."

காட்பாடி தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. வர்ஷா வந்து உட்கார்ந்ததும் அவளிடமே பஞ்சாயத்து வைத்தார். உங்க அம்மா இப்படிச் சொல்கிறாள், நீயே சொல் என்றார். வர்ஷா கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லம்மா. அத்தை நிஜமாவே ட்ரை பண்ணாங்க. நான்தான் பிடிச்சேன்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில், இதில் நான் மேற்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணி கீழ் வீட்டுப் பையனின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். "கையைக் காட்டுங்க" என்றாள் வர்ஷா.

ஒரு மாதம் கழித்து அவளாகவே பயிற்சிக்குப் போகிறேன் என்றாள். பெரிய வீராங்கனையாகிவிடவில்லை. மாநில அணிக்கும் போகவில்லை. கல்லூரி அணியில் ஆடுகிறாள். கோட்டுப் பிரச்சினை வந்தால் அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் களத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறது என்று அவள் பயிற்சியாளர் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதில்லை.

அண்ணி சில வருடம் கழித்து, ஒரு காலைப் பொழுதில் காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வர்ஷா கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியிலிருந்து ஓடி வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

காரியம் முடிந்த அன்று அண்ணியின் பழைய அலுவலகத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். எங்களுக்கு அவர்கள் யாரையும் தெரியாது. அண்ணி வீட்டில் அலுவலகத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வந்தவர்களில் மூத்தவர், அண்ணிக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தவர், கூடத்தில் உட்கார்ந்து கன்னடத்தில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மேடத்தின் மேஜையில் ஒரு கோப்பு கூட வரிசை தவறி நகர்ந்ததில்லையாம். மந்திரியின் ஆட்கள் வந்து நின்றாலும், உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்பாராம். தீபாவளிக்கு ஒருவர் வைத்துவிட்டுப் போன இனிப்புப் பெட்டியைத் தெரு முனைவரை தானே தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தாராம். அதனால் மூன்று தடவை தூரத்து ஊர்களுக்கு மாற்றினார்களாம். இப்படி ஒரு நேர்மையான மனுஷியை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடத்தில் இருந்த உறவுகள் எல்லாம் உச்சுக்கொட்டின.

வர்ஷா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் உடம்பு குலுங்கியது. மறுபடி அழுகிறாள் என்று அணைத்துக்கொண்டேன். அவள் என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"அம்மா, அங்க பண்ண வேண்டியதை எல்லாம் சேர்த்துவச்சு நம்மகிட்ட பண்ணியிருக்காங்க."

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நிற்கவில்லை. இருவரும் தலையைக் குனிந்து, ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு குலுங்கினோம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் நகர்ந்து வந்து, "அழாதீங்கம்மா, புண்ணியவதி" என்று எங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.